பச்சையைக் கூப்பிட்ட நாள்

அந்த வருஷம் முலாம்பழக் காட்டில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி "இன்னைக்கு என்ன கலரு?" என்று ஆகிவிட்டது. எங்களோடு பழம் பறிக்கிற நெஸ்தோரைக் கேலி செய்வதற்காகப் பெரியவர் காசிமிரோ தொடங்கி வைத்தது. பிறகு கேலி தேய்ந்து, கும்பிடு போடுவது மாதிரி வழக்கமாயிற்று. வானம் வெளுக்கும் முன்னால் கால்வாய்க் கரையில் வண்டிகள் வந்து நிற்கும். தொப்பி, தொப்பிக்கு மேல் துண்டு, மூக்கு வரைக்கும் கட்டிய கைக்குட்டை. யாருடைய முகமும் தெரியாது. குரலை வைத்துத்தான் ஆள் அடையாளம்.

"என்னப்பா நெஸ்தோரு, இன்னைக்கு என்ன கலரு?"

"நீலமும் மஞ்சளும்ணே."

"அப்ப உனக்கு விடுதலை. வரப்போரமாப் போயி நிம்மதியா ஒண்ணுக்கு இருந்துட்டு வா. இன்னைக்கு எவனும் நின்னு பாக்க மாட்டான்."

எல்லோரும் சிரிப்போம். நெஸ்தோரும் சிரிப்பான். சிரித்துவிட்டு, தன் மனைவி ஒதேலியாவின் வண்டிப் பக்கம் பார்த்துக்கொள்வான்.

ஹார்லனில் இருக்கிற மாவட்ட நன்னடத்தை அலுவலகத்தில் அவனுக்குப் பச்சை நிறம் கொடுத்திருந்தார்கள். தினமும் விடியுமுன் அவன் ஓர் எண்ணுக்குப் போன் போட வேண்டும். பதிவு செய்து வைத்த ஒரு பெண்குரல் அன்றைய நிறங்களைச் சொல்லும். பச்சை என்று வந்துவிட்டால் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஹார்லன் போய், அலுவலக ஆள் பக்கத்தில் நின்று பார்க்க, குப்பியில் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் போதையில் இருந்தான் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு நடந்த காரியத்தால் வந்தது அது. பாதாம் ஆலையில் பகலும் இரவும் சேர்த்து வேலை பார்ப்பதற்காகக் 'கண்ணாடி' புகைக்கப் பழகினான். எங்கள் பக்கத்தில் அந்தப் போதைத் தூளுக்கு அதுதான் பெயர். தூக்கம் வராது, பசிக்காது, கை ஓயாது. அப்புறம் பழக்கத்துக்கு விலை கொடுக்க முடியாமல், விற்றவனுடைய பொட்டலம் ஒன்றைக் காரில் கொண்டுபோனபோது பிடிபட்டான். நீதிபதி மூன்று வருஷச் சிறை என்று தீர்ப்புச் சொல்லி, அதை அவன் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார். ஒழுங்காக இருந்தால் கயிறு அறாது. ஒழுங்கு என்றால்: வேலையில் இருக்க வேண்டும், மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, பீர் கூடத் தொடக் கூடாது, அதிகாரி எப்போது வந்து வீட்டைச் சோதித்தாலும் கதவைத் திறக்க வேண்டும், நிறம் கூப்பிட்டால் போக வேண்டும்.

அந்த நிபந்தனைகளை முதல்தடவை கேட்டபோது ஒதேலியா சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்கே பாதிரியார் இதையெல்லாம் வாசிச்சிருந்தா நான் நிம்மதியாக் குடும்பம் நடத்தியிருப்பேன்."

அவன் அதற்குப் பிறகு கண்ணாடியைத் தொடவில்லை. எங்களுக்கு அது சோதனை செய்யாமலே தெரியும். ஒட்டிப்போயிருந்த கன்னம் நிறைந்துவிட்டது. மதியத்தில் மற்றவர்களுடைய தூக்கையும் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பசி வந்துவிட்டது. ஒதேலியாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. நவம்பரில் பிறக்கும் என்றார்கள்.

ஒதேலியாவின் வேலை தண்ணீர். பழம் பறிக்கும் இயந்திரம் இரண்டு பக்கமும் சிறகை விரித்துக்கொண்டு ஆமை மாதிரி ஊர்ந்துபோகும். பறிப்பவர்கள் அதன் பின்னால் குனிந்தபடி நடப்பார்கள். பழத்தை லேசாகத் தூக்கினால் காம்பு தானாகக் கழன்று வர வேண்டும். கழலாததை விட்டுவிட வேண்டும். வந்ததைச் சிறகில் ஓடுகிற பட்டையில் போட வேண்டும். குனிந்த முதுகு நிமிராது. அந்தக் கூட்டத்தின் பின்னாலேயே ஒதேலியா தன் வண்டியில் ஒரு இழுவையைக் கட்டிக்கொண்டு வருவாள். இழுவையில் நிழலுக்கு ஒரு கித்தான் கூரை, இரண்டு கழிப்பறைப் பெட்டி, மஞ்சள் நிறத்தில் மூன்று தண்ணீர்ப் பீப்பாய், கூம்பு கூம்பாகக் காகிதக் குவளைகள். மேஸ்திரி எப்ரயின் விசில் அடித்ததும் அவள் கையை வாயருகே குவித்து "தண்ணீ... ஏய், தண்ணீ..." என்று கூப்பிடுவாள். அந்தக் குரல் நாலு வயலுக்குக் கேட்கும். எல்லோரும் போய்க் குடிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. வெயிலில் யாராவது விழுந்தால் மேஸ்திரிக்கு வேலை போகும். அதனால் எப்ரயின் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாகப் பார்ப்பான்.

ஜூலை முடியும்போதே நூற்றுப் பத்து டிகிரிக்குப் போய்விட்டது. கால்வாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கூடக் கொதிக்கிற மாதிரி கேட்டது. ஆளுக்கு ஒரு குடம் குடித்தோம். குடித்ததெல்லாம் சட்டையில் உப்புக் கோடாக வெளியே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஸ்தோரின் வீட்டுக்குக் கோர்டோவா மேடம் வந்தார். அவனுடைய நன்னடத்தை அதிகாரி. குள்ளமான பெண், இடுப்பில் துப்பாக்கி, நெஞ்சில் கவசம், அதற்கு மேலே சிலுவைச் சங்கிலி. கூட ஒரு ஆண் அதிகாரி. சக்கரம் கழற்றின பழைய வண்டி வீடுதான் அவர்களுடையது. இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். ஒதேலியா சப்பாத்திக்கள்ளி மடலை நறுக்கி முட்டையோடு வதக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஆண் அதிகாரி மெத்தையைத் தூக்கிப் பார்த்தார், குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தார், பயறு இருந்த சட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"உப்புச் சரியா இருக்கா சார்?" என்றாள் ஒதேலியா.

"ஏய், சும்மா இரு புள்ள," என்றான் நெஸ்தோர்.

கோர்டோவா மேடம் சிரிக்கவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"நெஸ்தோர், ரெண்டாவது தடவையும் தண்ணியாத்தான் வந்திருக்கு."

"என்ன மேடம் தண்ணி?"

"நீங்க குடுத்தது. ரொம்ப நீர்த்துப்போயிருக்கு. பரிசோதனைக்கூடத்துல ஏத்துக்க மாட்டேங்கிறாங்க."

"அதுல கண்ணாடி இருக்குன்னு வந்துச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"இல்லன்னும் சொல்ல முடியல. போதையில இருக்கிறவங்க மறைக்கறதுக்கு அதத்தான் செய்வாங்க. பானை பானையாத் தண்ணியக் குடிச்சிட்டு வந்து குடுப்பாங்க. அதனால நீர்த்துப்போனதும் போதையும் சட்டத்துல ஒண்ணு. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் நீதிபதிகிட்டப் போயாகணும்."

ஒதேலியா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "மேடம், நான்தான் இவருக்குத் தண்ணி குடுக்கறவ. குடுக்கலன்னா என் வேலை போயிடும். குடிக்கலன்னா இவரு செத்துப்போவாரு."

"தெரியும்மா. எங்கம்மா தக்காளி பறிச்சவங்க. இதே வெயில்லதான்."

"தெரிஞ்சா நீதிபதிகிட்டச் சொல்லுங்களேன்."

"நான் என்ன நெனைக்கிறேன்னு அவரு கேக்க மாட்டாரு. பரிசோதனையில என்ன வந்துச்சுன்னுதான் கேப்பாரு."

கோர்டோவா மேடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஒரு வழி சொல்றேன். காலையில முதல்ல வர்றது கெட்டியா இருக்கும். பச்சை கூப்பிட்ட அன்னைக்கு வேலைக்குப் போகாம, எட்டு மணிக்கு ஆபீஸ் திறந்ததும் வந்து குடுத்துடுங்க."

"அன்னைக்கு வேலை போயிடும் மேடம்," என்றான் நெஸ்தோர்.

"வேலை போகக் கூடாது. வேலையில இருக்கணும்ங்கிறதும் நிபந்தனை."

இதைச் சொல்லிவிட்டு அவரே தன் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் நெஸ்தோர் மேஸ்திரியிடம் கேட்டான். எப்ரயின் கெட்டவன் இல்லை. ஆனால் பழம் காத்திருக்காது. இன்று காம்பு கழல்கிற பழம் நாளைக்கு அழுகும்.

"இந்த மாசம் ரெண்டு தடவை லேட்டா வந்துட்டே நெஸ்தோர். உன் வரிசையை நானே பறிச்சேன். என் இடுப்பைப் பாரு. இன்னொரு தடவைன்னா வேற ஆளைப் போட்டுருவேன். கால்வாய்க் கரையில எத்தனை பேர் நிக்கிறான்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் உங்க ஆபீஸ்காரங்க எனக்குப் போன் போட்டு, 'இவன் ஒழுங்கா வேலைக்கு வர்றானா'ன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்லணுமா?"

அன்று மதியம் கூரை நிழலில் ரொட்டியைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். உப்பை நக்கு என்றார் ஒருவர். மாட்டுக்கறி நிறையத் தின்றால் கெட்டியாகும் என்றார் இன்னொருவர். காசிமிரோ ஒரு முலாம்பழக் கீற்றில் மிளகாய்த் தூளும் எலுமிச்சையும் பிழிந்துகொண்டே சொன்னார்: "என்னோடதை எடுத்துட்டுப் போ. அறுபது வருஷமாப் பழுத்தது. கெட்டியா இருக்கும்."

"அதுல டெக்கீலாச் சாராயம்தான் வரும்ணே," என்றான் நெஸ்தோர். "எனக்கு மூணு வருஷம், உங்களுக்கு ஆறு."

எல்லோரும் சிரித்தோம். ஒதேலியா சிரிக்கவில்லை. இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஸ்தோர் அதைப் பார்த்துவிட்டு, மிச்ச ரொட்டியைத் தின்னாமல் துணியில் மடித்து வைத்தான்.

"மூணு வருஷம் கழிச்சு வந்தா, 'நீ யாரு'ன்னு அது என்னைக் கேக்கும்," என்றான். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த ஈரம் தொடங்கியது.

ஒவ்வொரு விசிலுக்குப் பிறகும் இழுவையின் பின்பக்கம், சக்கரத்தடியில், மண் நனைந்து கிடந்தது. முதல்நாள் ஒதேலியா அதைக் கவனித்தபோது பீப்பாய்க் குழாய் ஒழுகுகிறது என்று நினைத்தாள். குழாயைத் திருகி இறுக்கினாள். மறுநாளும் ஈரம். குழாயின் கழுத்தில் ரப்பர்ப் பட்டையைச் சுற்றினாள். அதற்கு மறுநாளும் ஈரம். "இந்தப் பீப்பாய் என்னை வேலையை விட்டு அனுப்பாம விடாது போலருக்கு," என்று சலித்துக்கொண்டு, தன் தலைத் துண்டைக் கிழித்து அடியில் இறுக்கிக் கட்டினாள். நெஸ்தோர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் ஒவ்வொரு தடவையும் வரிசையில் வந்து நிற்பான். அவள் கையிலிருந்துதான் குவளையை வாங்குவான். எப்ரயின் பார்க்க வாய் நிறைய ஊற்றிக்கொள்வான். "நல்லாக் குடிய்யா," என்று அவள் இன்னொரு குவளை நிரப்பிக் கொடுப்பாள். அதையும் வாயில் ஊற்றிக்கொண்டு தலையை ஆட்டியபடி இழுவையின் பின்னால் போவான். கழிப்பறைக்குப் போகிறான் என்று நாங்கள் நினைத்தோம்.

எந்த நாளில் பச்சை வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவன் எல்லா நாளும் அப்படியே செய்தான். வீட்டுக்குப் போனபின் கொஞ்சம் குடிப்பான். விடியும் முன்னால் நிறுத்திவிடுவான்.

பச்சையைக் கூப்பிட்டது ஆகஸ்டில், காற்றே இல்லாத ஒரு வியாழக்கிழமை.

"என்னப்பா, இன்னைக்கு என்ன கலரு?"

"பச்சைண்ணே."

காசிமிரோ கேலி செய்யவில்லை. தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பதினொரு மணி சுமாருக்கு நெஸ்தோர் பறித்துப் போட்ட பழங்களில் காம்பு ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. மேலே பெட்டியில் அடுக்குகிற பெண்கள் சத்தம் போட்டார்கள்: "யாரது காயைப் பறிக்கிறது? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" அவன் குனிந்தபடியே நடந்தான். பிறகு பழத்தைப் பட்டையில் போடாமல் தரையில் போட்டான். அடுத்ததையும் தரையில் போட்டான். நடந்துகொண்டே இருந்தான். இயந்திரம் ஒரு பக்கம் போக, அவன் குறுக்கே கொடிகளை மிதித்துக்கொண்டு வேறு பக்கம் போனான்.

"ஏலே நெஸ்தோரு! எங்கடா போற?"

முட்டி மடங்கி உட்கார்ந்தான். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான்.

ஒதேலியா வண்டியை விட்டுக் குதித்து ஓடினாள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஓடுகிற ஓட்டமா அது. அவன் தோல் அடுப்புக்கல் மாதிரி சுட்டது; ஒரு பொட்டு வேர்வை இல்லை. எப்ரயினும் காசிமிரோவும் அவனைக் கூரை நிழலுக்குத் தூக்கி வந்தார்கள். பீப்பாயைக் கவிழ்த்து அவன் மேல் ஊற்றினார்கள். பனிக்கட்டியை அக்குளில் வைத்தார்கள். அவள் குவளையை உதட்டில் வைத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"குடிய்யா... குடிச்சுத் தொலைய்யா..."

"பச்சை," என்றான். "அஞ்சு மணிக்குள்ள."

தண்ணீர் அவன் வாயோரமாக வழிந்து மண்ணில் இறங்கியது. ஒதேலியா அந்த ஈர மண்ணைப் பார்த்தாள். பிறகு, தான் துணி கட்டி வைத்திருந்த குழாயைப் பார்த்தாள். "ஐயோ பாவி, ஐயோ பாவி," என்று அவன் நெஞ்சில் அடித்தாள். காசிமிரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஹார்லன் ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். கீழே ஒரு குழாய் வைத்தார்கள். அதில் வந்து பையில் சேர்ந்தது சிறுநீர் மாதிரியே இல்லை. அடுப்பில் மறந்துபோய்க் கொதித்துக் கொதித்து வற்றின காப்பி மாதிரி இருந்தது. சதை உருகி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம் வயலில் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார்.

ஒதேலியா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. மூன்றரை.

நர்ஸ் பையை மாற்ற வந்தபோது, "எனக்குக் கொஞ்சம் வேணும்," என்றாள்.

"எது?"

ஒதேலியா பையைக் காட்டினாள். நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். ஒரு மூடி போட்ட குப்பியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நான் எதுவும் குடுக்கல," என்றாள்.

நன்னடத்தை அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன், ஒதேலியா குப்பியை மேடையில் வைத்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"அம்மா, இதை இங்க வைக்காதீங்க."

"நெஸ்தோர் பாரகானோடது. பச்சை. அஞ்சு மணி ஆகல."

"அவரே வரணும். எங்காளு நின்னு பாக்கணும்."

"ஆஸ்பத்திரியில வந்து பாருங்க. குழாயில வருது, நல்லாத் தெரியுது."

"அம்மா, அப்படியெல்லாம்..."

"கோர்டோவா மேடத்தைக் கூப்பிடு."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீலமும் பச்சையுமாக அன்றைக்குக் கூப்பிடப்பட்டவர்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கோர்டோவா மேடம் உள்ளேயிருந்து வந்தார். வயல் மண் ஒட்டின உடையோடு ஒதேலியா நிற்பதைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார்.

"இது செல்லாதும்மா," என்றார். "வராதவங்கன்னுதான் பதிவாகும். வராததும் தோத்ததும்..."

"ஒண்ணுதான். தெரியும்." ஒதேலியா குப்பியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நீங்க தண்ணி கலந்திருக்குன்னீங்க. இதுல கலந்திருக்கான்னு பாருங்க. ஒரு சொட்டு இல்ல மேடம். பத்து நாளா வயல்ல ஒரு சொட்டுக் குடிக்கல அந்த மனுசன். நான் என் கையால குடுத்தேன், வாயில வாங்கி எனக்குப் பின்னால போயித் துப்பியிருக்காரு. நான் குழாய் ஒழுகுதுன்னு துணி கட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

கோர்டோவா மேடம் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் அதைத் தாண்டி வரவில்லை. வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார்.

"கையுறை போடல நீங்க," என்றான் தடுப்புக்குப் பின்னாலிருந்தவன்.

அவர் குப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். "எந்த ஆஸ்பத்திரி?"

அவர்கள் போனபோது நெஸ்தோர் கண் விழித்திருந்தான். கோர்டோவா மேடத்தைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். ஊசிக் குழாய் இழுத்தது.

"மணி என்ன மேடம்?"

"படுங்க. இன்னைக்குள்ளது இருக்கட்டும். ஆஸ்பத்திரியில இருந்தீங்கன்னு நான் சொல்லிக்கிறேன். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு."

அவன் தலையணையில் சாய்ந்தான். ஒதேலியா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அப்போது டாக்டர் வந்து, சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, மெதுவாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். "இனிமே தண்ணிதான் இவருக்கு மருந்து. தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. நாள் முழுக்கக் குடிச்சுக்கிட்டே இருக்கணும். வர்றது பச்சைத் தண்ணி மாதிரி வெளுப்பா வரணும். நிறம் வந்தா ஆபத்து." குவளையில் தண்ணீர் ஊற்றி, அவன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

மூன்று பேரும் குவளையைப் பார்த்தார்கள்.

நெஸ்தோர் அதை நெஞ்சின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் உதடு வெடித்துத் தோல் சுருண்டிருந்தது. நாக்கால் நனைக்கப் பார்த்தான்; நாக்கிலும் ஈரமில்லை. அவன் மனைவியைப் பார்க்கவில்லை.

"குடிக்கலாமா மேடம்?"

"என்ன கேள்வி இது? குடிங்க."

"வீட்டுக்குப் போனதுக்கப்புறம் பச்சை வரும்ல?"

"வரும்."

"இவரு சொல்றபடி குடிச்சா வெளுப்பாத்தான் இருக்கும். அப்ப மூணாவது தடவை."

கோர்டோவா மேடம் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எழுதிக் குடுங்க மேடம். இவன் குடிக்கலாம்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க. குடிக்கிறேன்."

"என் கையெழுத்து அங்க நிக்காது நெஸ்தோர். டாக்டர் எழுதுவாரு. அதை நான் கொண்டுபோய் வைக்கிறேன். நீதிபதி ஏத்துக்கலாம்."

"ஏத்துக்காமலும் போகலாம்."

"போகலாம்."

"அப்ப நிக்கிற கையெழுத்து யாரோடது?"

நெஸ்தோர் குவளையை மெல்ல நகர்த்திப் பக்கத்து மேசையில் வைத்தான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒதேலியா அந்தக் குவளையை எடுத்தாள். அவள் குரல் வயலில் இருப்பதுபோல உரக்க வந்தது.

"திரும்பிக்கங்க மேடம்."

"என்னம்மா?"

"நீங்க பாக்க வேண்டாம். அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

கோர்டோவா மேடம் திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். கீழே வண்டி நிறுத்துமிடம். அதற்கப்பால் வெயிலில் எரிகிற வைக்கோல் நிறக் குன்றுகள்.

ஒதேலியா ஒரு கையை அவன் பிடரிக்குக் கீழே கொடுத்துத் தூக்கினாள். "தண்ணீ," என்றாள், காதோடு. "ஏய்யா, தண்ணீ."

அவன் வாயைத் திறந்தான். ஒரு மடக்கு. நிறுத்தி, ஜன்னலோரம் நிற்கிற முதுகைப் பார்த்தான். இன்னொரு மடக்கு. அந்த அறையில் வேறு சத்தமே இல்லை. அவன் தொண்டையில் தண்ணீர் இறங்குவது மூன்று பேருக்கும் கேட்டது.